பல்லில் தொடங்கிய பளபளப்பு

1930களின் நடுவில் ஸூரிக் நகரில் பல் மருத்துவர்களுக்கு வேண்டிய சாமான்களைச் செய்து விற்றுக்கொண்டிருந்தது டி ட்ரே என்ற நிறுவனம். அதற்காக ஆராய்ச்சி செய்த வேதியியலாளர் பியர் காஸ்தான் தேடியது ஒரு நல்ல பல்செட்டுக்கான பொருளை. அச்சில் ஊற்றினால் சுருங்காமல் இறுக வேண்டும். இறுகும்போது ஆவி எதையும் கக்கக் கூடாது. வாயின் ஈரத்திலும் சூட்டிலும் வருடக்கணக்கில் கிடந்தாலும் உப்பக் கூடாது. பிஸ்பினால் ஏ, எபிகுளோரோஹைட்ரின் என்ற இரண்டு சரக்குகளைச் சேர்த்து அவர் ஒரு பிசின் செய்தார். அதோடு இன்னொரு பொருளைக் கலந்து சூடு காட்டினால் கல்லாக இறுகியது. 1938இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. பல் மருத்துவர்களோ அதைச் சீந்தவில்லை.

காப்புரிமை பாசல் நகரத்து சீபா கம்பெனியின் கைக்குப் போனது. 1946இல் பாசல் தொழிற்கண்காட்சியில் சீபா அதைப் பசையாகக் காட்சிக்கு வைத்தது. பெயர் அரால்டைட். நம்மூர் ஹார்டுவேர் கடைகளில் ரெசின் ஒன்று, ஹார்டனர் ஒன்று என இரட்டை டியூபாகத் தொங்கும் அதே அரால்டைட்தான். உடைந்த பீங்கான் பிடியையும் ஒழுகும் குழாயையும் அதை வைத்து ஒட்டியவர்கள் எல்லோரும், காஸ்தானின் கைவிடப்பட்ட பல்செட்டைத்தான் குழைத்திருக்கிறார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் சில்வன் கிரீன்லீ என்பவர் அதே இரண்டு சரக்குகளிலிருந்து வேறொன்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேலை பார்த்த டெவோ அண்ட் ரேனால்ட்ஸ், 1754 முதல் நியூயார்க்கில் பெயிண்ட் விற்ற கம்பெனி. அவருக்குப் பல்லைப் பற்றிக் கவலை இல்லை. காரத்துக்கும் சோப்புத் தண்ணீருக்கும் அசராத பெயிண்ட் ஒன்று வேண்டும். 1948இல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இந்தப் பிசின்தான் எபாக்ஸி. அதற்கு இப்படி இரண்டு தகப்பன்மார். இருவர் மனத்திலும் கார் நிறுத்தும் தரை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இன்று டெக்சஸிலோ நியூஜெர்சியிலோ ஒரு வீட்டுக்காரர் தன் கராஜ் தரைக்கு எபாக்ஸி அடித்து, அதன் மேல் எந்தக் கிளியர் கோட் (நிறமற்ற மேற்பூச்சு) போடுவது என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிக்கும்போது, அவர் கையில் இருப்பது இந்த மாதிரி வழிதவறி வந்த கண்டுபிடிப்புகளின் வரிசைதான்.

கார் வந்த புதிதில் அதை வீட்டோடு ஒட்டி நிறுத்த அமெரிக்கர்களுக்குத் துணிவில்லை. பெட்ரோல் தீப்பிடிக்கும் என்ற பயம். கொல்லைக் கோடியில், குதிரை வண்டிக்குப் போட்ட கொட்டகையிலேயே காரும் நின்றது. 1896இல் டெட்ராய்ட்டின் பாக்லி அவென்யூவில் ஹென்றி ஃபோர்டு தன் முதல் வண்டியைக் கட்டி முடித்தது அப்படியொரு கொட்டகையில்தான். கதவைவிட வண்டி அகலமாகப் போய்விட, செங்கல் சுவரைக் கோடரியால் இடித்து வெளியே கொண்டுவந்தார். 1910இல் சிகாகோவில் கட்டி முடிந்த ராபி வீட்டில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் மூன்று கார்களுக்கான கராஜை வீட்டோடு சேர்த்தே வைத்தார். பணக்காரர் வீட்டுப் புதுமை அது. 1921இல் மேல்நோக்கித் தூக்கும் கதவு வந்தது; 1926இல் அதற்கு மின்மோட்டார் வந்தது. ஆனாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடுத்தர வர்க்கத்துக்காக வரிசை வரிசையாக எழுந்த நியூயார்க் லெவிட்டவுன் வீடுகளில், 1947இல், கராஜே கிடையாது. செலவு மிச்சம். பிறகு வந்த பத்து இருபது ஆண்டுகளில்தான் கராஜ் வீட்டின் முகப்புக்கே வந்து உட்கார்ந்தது. தெரு வாசலை விட்டுவிட்டு அது வழியாகவே குடும்பம் வீட்டுக்குள் நுழையத் தொடங்கியது. தையல் மிஷின் முதல் அரிசி மூட்டை வரை எல்லாம் அங்கே இறங்கின. அந்த நாட்டில் குடியேறிய தமிழர் வீடுகளில் செருப்பு கழற்றுமிடமும் பெரும்பாலும் அதுதான்.

வாசல் என்றாகிவிட்ட பிறகு தரை கண்ணை உறுத்தத்தானே செய்யும்?

வெறும் கான்கிரீட் தரை கார் நிறுத்த ஏற்றது என்று சொல்ல முடியாது. நடக்க நடக்கப் பொடி உதிரும். சொட்டும் இன்ஜின் ஆயிலைக் குடித்துக் கறுத்துப்போகும். வட மாநிலங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. 1941-42 குளிர்காலத்தில் நியூ ஹாம்ஷயர் மாநிலம் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவுவதை வழக்கமாக்கியது. போருக்குப் பின் மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. டயரிலும் மட்கார்டிலும் ஒட்டி வரும் உப்புச்சேறு கராஜுக்குள் உருகி, கான்கிரீட்டுக்குள் இறங்கி, உறைந்து உருகும் ஒவ்வொரு சுற்றிலும் மேல்தோலைச் செதிலாகப் பெயர்த்தது.

இதற்கெல்லாம் பெயிண்ட் அடித்தால் போயிற்று என்று அந்தக் காலத்தில் ஆளி விதை எண்ணெய் பெயிண்ட்டையே அடித்தார்கள். மரத் திண்ணைக்கும் படிக்கட்டுக்கும் அது நன்றாகவே உழைத்தது. கான்கிரீட்டில் சில மாதங்களில் பிசுபிசுத்துக் கழன்றது. காரணம் எளிது. சிமெண்ட் இறுகும்போது சுண்ணாம்புக் காரம் உண்டாகிறது. அடியிலுள்ள மண்ணீரம் மேலே ஏறும்போது அந்தக் காரத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. காரமும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும்? சோப்பு. தரையில் அடித்த பெயிண்ட் தரையிலேயே சோப்பாகிக்கொண்டிருந்தது. கிரீன்லீ காரத்துக்கு அசராத பெயிண்ட்டைத் தேடியதன் பலன் இங்கேதான் தெரிகிறது: எபாக்ஸிப் பிணைப்பைச் சுண்ணாம்பால் சோப்பாக்க முடியாது.

பூச்சே வேண்டாம், நிறத்தைச் சிமெண்டுக்குள்ளேயே கலந்துவிடலாம் என்பது இன்னொரு வழி. அதையும் ரைட் செய்து பார்த்தார். 1937இல் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் கட்டிய ஜேக்கப்ஸ் வீட்டில், அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் கான்கிரீட் தரைக்குச் சிவப்பு நிறம் சேர்த்து மெழுகு தேய்த்து மின்ன வைத்தார்கள். நம் ஊர்களில் பாட்டி வீட்டு ரெட் ஆக்சைடு தரையில் புழங்கியவர்களுக்கு அது சொந்தக்காரத் தரை போலத் தோன்றும். உரிவதற்கு அதில் தோலே இல்லை என்பது அதன் பலம். ஆனால் மெழுகை பெட்ரோல் கரைத்துவிடும், ஆயில் கறையாக்கிவிடும். கூடத்துக்குச் சரி, கராஜுக்குச் சரிப்படாது.

எபாக்ஸி தரைக்கு இறங்கியது வீடுகளில் அல்ல, தொழிற்சாலைகளில். பால் பண்ணை, மருந்து ஆலை, வாகன ஆலை எனப் பல இடங்களில் 1950களின் பிற்பகுதியிலிருந்து அது பரவியது. விமானக் கொட்டகைகளில் அதற்குக் கடுமையான பரீட்சை காத்திருந்தது. 1940களின் பிற்பகுதியில் மான்சான்டோவும் டக்ளஸ் விமானக் கம்பெனியும் சேர்ந்து, எளிதில் தீப்பிடிக்காத ஹைட்ராலிக் திரவம் ஒன்றைச் செய்தன. ஸ்கைட்ரால் என்று பெயர். தீக்கு அஞ்சாத அந்தத் திரவம் சாதாரணப் பெயிண்ட்டைத் தின்றுவிடும். விமானத்திலிருந்து சொட்டினால் கீழே தரை குழைந்துபோகும். வீட்டு கராஜில் ஒருநாளும் ஒரு சொட்டு ஸ்கைட்ரால் விழப்போவதில்லை. ஆனால் தரைப் பூச்சு விற்பவர்கள் தரும் தாள்களில் ஸ்கைட்ராலுக்குத் தாங்கும் என்ற வரி இன்றுவரை பெருமையாக இடம்பெறுகிறது.

வீட்டுக்காரர்கள் தாங்களே அடித்துக்கொள்ளும் எபாக்ஸி பெட்டிகள் கடைகளில் குவிந்தது பின்னால்தான். அதில் முன்னணியில் நின்ற ரஸ்ட்-ஓலியம் கம்பெனிக்கும் ஒரு தற்செயல் கதை உண்டு. துருப்பிடித்த கப்பல் தளத்தில் மீன் எண்ணெய் சிந்திய இடத்தில் துரு பரவாமல் நிற்பதைக் கவனித்த ராபர்ட் ஃபெர்கசன் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் தலைவர் 1921இல் தொடங்கிய கம்பெனி அது என்பார்கள். பெட்டிக்குள் நீரில் கரைத்த எபாக்ஸியின் இரண்டு பாகங்கள், தரையைக் கழுவ ஒரு அமிலப் பொடி, மேலே தூவக் கலர் செதில்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளில் வேலை முடியும். காய்ந்த பின் நிற்கும் படலம் பெரும்பாலும் ஒரு தலைமுடியின் தடிமன்தான் இருக்கும். தண்ணீரோ தின்னரோ கலக்காத கெட்டி எபாக்ஸியைத் தொழிலாளர்கள் இழுத்துப் பரப்பினால் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு நிற்கும். விலையிலும் அந்த வித்தியாசம் தெரியும்.

இந்த மெல்லிய படலத்துக்குக் கார் டயரே எமனானது. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறிய டயர் விரிந்திருக்கும். தரையில் நின்று ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது கீழே இருப்பதைக் கவ்வும். ரப்பரில் உள்ள எண்ணெய்ப் பசைகள் பூச்சுக்குள் ஊறி அதைத் தளர்த்தும். மறுநாள் காலை காரை எடுத்தால் டயர் நின்ற நான்கு இடங்களிலும் பூச்சு டயரோடு போயிருக்கும். பலர் இதற்குப் பூச்சின் பிராண்டைத் திட்டினார்கள். பல நேரங்களில் குற்றவாளி பூச்சே அல்ல. வைர வட்டு வைத்துத் தரையைத் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் விட்டது, அடியிலிருந்து ஏறும் ஈரத்தைச் சோதிக்காமல் விட்டது ஆகியவைதான் காரணம். ஈரச் சோதனை ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. பதினெட்டு அங்குலச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பார்ப்பது அமெரிக்காவில் தரநிலையாகவே எழுதப்பட்டிருக்கிறது. தாளின் அடியில் வியர்த்திருந்தால் வேலையைத் தள்ளிப்போட வேண்டும். மேலே பூசும் கிளியர் கோட் எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும், அடி நழுவினால் அதுவும் சேர்ந்தே நழுவும்.

அடிப்படை எல்லாம் சரியாக இருந்தும் எபாக்ஸியை ஒரு எதிரி விடவில்லை. சூரியன். பிஸ்பினால் ஏ மூலக்கூறில் இரண்டு பென்சீன் வளையங்கள் இருக்கின்றன. பல்லுக்குத் தேவைப்பட்ட உறுதியை அவைதான் தருகின்றன. புற ஊதாக் கதிரை உறிஞ்சி உடைவதும் அவைதான். உடைந்தால் மஞ்சள் பூக்கும், பிறகு மேலே வெள்ளைப் பொடி படியும். கராஜ் கதவைத் திறந்து வைக்கும் வீடுகளில் வாசலோரம் இரண்டடி மட்டும் பழுத்து, உள்ளே பழைய நிறமாகவே நிற்கும். மூடிய வாய்க்குள் கிடந்திருந்தால் இந்தக் குறை வெளிவந்தே இருக்காது. ஆகவே எபாக்ஸிக்கு மேலே, வெயில் தாங்கும் இன்னொரு பூச்சு வேண்டும். அடியிலுள்ள நிறமும் செதிலும் தெரிய அது நிறமற்றதாகவும் இருக்க வேண்டும்.

நிறமற்ற பூச்சு மனிதர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் பௌலிங் விளையாட்டுக் கூடங்களில், பந்து உருளும் மரத்தளத்துக்கு முதலில் பூசியது ஷெல்லாக். சோட்டா நாக்பூர் காடுகளின் அரக்குப் பூச்சி தந்த பிசின் அது. பிறகு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வந்தது. தீயைக் கண்டால் பற்றிக்கொள்ளும் என்பதால் கூடத்துக்காரர்கள் அதோடு பயந்துகொண்டே வாழ்ந்தார்கள். கடைசியில் அவர்கள் போய்ச் சேர்ந்த இடமும் கராஜ்காரர்கள் போய்ச் சேர்ந்த இடமும் ஒன்றே. பாலியூரித்தேன்.

அதன் கதை 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் தொடங்குகிறது. ஓட்டோ பேயர் என்ற முப்பத்தைந்து வயது வேதியியலாளர் அங்கே ஐ.ஜி. ஃபார்பன் என்ற வேதியியல் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தார். பேயர் கம்பெனி வளர்த்த ஊர் அது; ஆனால் அந்தக் குடும்பத்துக்கும் இவருக்கும் உறவில்லை. அமெரிக்காவில் டூபான்ட் நைலானைக் கண்டுபிடித்துவிட்டது. காப்புரிமை வேலி பலமாக இருந்தது. வேலிக்குள் நுழையாமல் அதே மாதிரி இழையைச் செய்ய இவர் ஐசோசயனேட் என்ற வகை வேதிப்பொருளைக் கையில் எடுத்தார். மேலதிகாரிகளுக்கு நம்பிக்கை இல்லை. ஈரம் பட்டு உள்ளே குமிழ் விழுந்த மாதிரித் துண்டு ஒன்றைச் சோதனைக்கு அனுப்பியபோது, போலிப் பாலாடைக்கட்டி செய்ய வேண்டுமானால் உதவும் என்று அவர்கள் குறிப்பெழுதி அனுப்பியதாக அந்தத் தொழிலில் கதை சொல்வார்கள். அந்தக் குமிழ்தான் இன்றைய மெத்தை ஃபோம். குமிழில்லாமல் மெல்லியதாகப் பரப்பியது பூச்சாயிற்று.

போருக்குப் பின் வந்த பாலியூரித்தேன் வார்னிஷ்களில் பல, மலிவான பென்சீன் வளைய ஐசோசயனேட்டால் ஆனவை. தேய்மானம் தாங்கின, மஞ்சளாவதில் எபாக்ஸிக்குச் சளைக்கவில்லை. 1960களில் அமெரிக்க வீடுகளில் ஒரு மோகம் அடித்தது: பிளாஸ்டிக் செதில்களைத் தூவி, மேலே பாலியூரித்தேனைத் திரும்பத் திரும்ப ஊற்றி, இணைப்பே தெரியாத தரை. சமையலறைக்கும் குளியலறைக்கும் அதைப் போட்டார்கள். சில வருடங்களில் பல தரைகள் பழைய செய்தித்தாள் நிறத்துக்கு வந்தன. இன்றைய கராஜ் தரையின் கலர் செதில் அந்த மோகத்தின் பேரப்பிள்ளை; மஞ்சள் விவகாரத்தையும் அதோடு சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

விடை ஏற்கெனவே லெவர்குசன் அலமாரியில் இருந்தது. வளையம் இல்லாத, நீள் சங்கிலி வகையான ஹெக்சாமெத்திலீன் டைஐசோசயனேட், சுருக்கமாக எச்டிஐ. வெயிலை உறிஞ்ச அதில் வளையமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதைச் செய்யும் மூலப்பொருள் நைலான் செய்யும் அதே டைஅமீன். நைலானை முந்தப் புறப்பட்ட ஆராய்ச்சி, நைலானின் சரக்கைக் கடன் வாங்கித்தான் வெயில் தாங்கும் பூச்சுக்கு வந்து சேர்ந்தது. ஒரு தடை மட்டும் இருந்தது. எச்டிஐ எளிதில் ஆவியாகி மூச்சுக் குழலைத் தாக்கும். ஐசோசயனேட் என்றதும் நமக்கு 1984 போபால் நினைவுக்கு வரும். அங்கே கசிந்தது மெத்தில் ஐசோசயனேட், பூச்சுத் தொழிலுக்கல்ல, பூச்சிக்கொல்லிக்காக வைத்திருந்தது. இரண்டும் ஒரே குலம், குணத்தில் வெகு தூரம். ஆனாலும் ஆவியைக் கண்டு அஞ்ச வேண்டிய குலம்தான். 1960 வாக்கில் பேயர் கம்பெனி எச்டிஐ மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து, ஆவியாகாத கனமான வடிவில் விற்கத் தொடங்கிய பிறகே பெயிண்டர்கள் அதைத் தொட முடிந்தது. இன்றும் ஸ்பிரே அடிப்பவர்களுக்கு முறையான மூச்சுக் கவசம் இல்லாவிட்டால் ஆஸ்துமா வரக்கூடும். ரோலர் பிடிப்பவர்களும் சாதாரணத் துணி முகமூடியை நம்பக் கூடாது.

முதலில் அதைக் கைப்பற்றியவை விமானங்கள். 1960களின் பிற்பகுதியிலிருந்து விமானக் கம்பெனிகளும் அமெரிக்க விமானப் படையும் வெளிப்பூச்சுக்கு அதையே எடுத்துக்கொண்டன. லாரிகள், கப்பல்கள், பிறகு கார்களின் கிளியர் கோட். விமானத்தின் மேல் இருந்த பூச்சு விமானக் கொட்டகையின் தரைக்கு இறங்கப் பெரிய தூரமில்லை. கொட்டகையிலிருந்து கராஜுக்கும் அப்படியே. எபாக்ஸி அடியில், நீள் சங்கிலி பாலியூரித்தேன் மேலே என்ற ஜோடி இப்படித்தான் நிலைத்தது. கெட்டியான, ஒட்டும் குணமுள்ள ஒன்று கீழே. மெல்லியதானாலும் கீறலும் வெயிலும் தாங்கும் ஒன்று மேலே. மேற்பூச்சின் தடிமன் பெரும்பாலும் 50 முதல் 75 மைக்ரான்தான்.

இந்த ஜோடியில் நடுவில் ஒரு அன்னாசிப்பழம் வந்து புகுந்தது. கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற டச்சு உயிர்வேதியியலாளர் அன்னாசியின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். லாஸ் ஏஞ்சலஸை மூச்சுத் திணற வைத்த பனிப்புகையை அதே கருவிகளால் ஆராயச் சொன்னார்கள். வாகனப் புகை, பெட்ரோல் ஆவி போன்றவை வெயிலில் வினைபுரிந்துதான் அந்தக் கண்ணெரிச்சல் உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். பெயிண்ட் காயும்போது பறக்கும் தின்னரும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. 1966இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி 66ஆம் விதியைக் கொண்டுவந்து தின்னர்களுக்குக் கடிவாளம் போட்டது. அதன் பின் விதிகள் இறுகிக்கொண்டே போயின. தின்னரில் நீந்திக்கொண்டிருந்த பாலியூரித்தேன் கிளியர் கோட், நீரில் கரையும் வடிவத்தையோ வேறு கரைப்பானையோ தேட வேண்டியதாயிற்று.

வேறு கரைப்பான் ஒன்று கிடைக்கவும் செய்தது. பிசிபிடிஎஃப் என்ற குளோரின், ஃப்ளூரின் சேர்ந்த திரவத்தைப் பனிப்புகை உண்டாக்குபவற்றின் பட்டியலிலிருந்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1994இல் விலக்கியது. தரைப் பூச்சுக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள்: சட்டப்படி தின்னரே இல்லை, வேலையில் தின்னர் போலவே. 2019இல் கலிஃபோர்னியா அதைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. கொண்டாட்டம் அடங்கியது.

தின்னரைக் குறைக்கும் நெருக்கடியிலேயே அடுத்த கதாபாத்திரமும் பிறந்தது. 1980களின் பிற்பகுதியில் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் டெக்சகோ கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் பாலியூரியா என்ற ஸ்பிரே பூச்சை உருவாக்கினார்கள். கலந்த சில வினாடிகளில் இறுகிவிடும். சூடேற்றும் உயரழுத்த இயந்திரம் இல்லாமல் அதைத் தொட முடியாது. ரோலரில் எடுத்தால் ரோலரிலேயே கல்லாகும். இந்த அவசரத்தை அடக்க, வினைபுரியும் இடத்தைச் சுற்றிப் பருத்த அணுக்கூட்டங்களை நிறுத்தி வைக்கும் ஒரு அமீனை பேயர் ஆட்கள் செய்தார்கள். 1992இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பாலியாஸ்பார்ட்டிக் என்று சந்தையில் சொல்லப்படுவது அதுதான். அவர்கள் முதலில் நினைத்தது பாலியூரித்தேனில் தின்னருக்குப் பதிலாக இதைச் சேர்க்கலாம் என்று. பிறகு எஃகுப் பாலங்களுக்கு மூன்று கோட் அடிக்கும் இடத்தில் இரண்டே கோட்டில் முடிக்க உதவியது. போக்குவரத்தை நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு நாளும் காசு என்பதால் பாலக்காரர்களுக்கு வேகம் முக்கியம்.

கராஜ் வியாபாரிகளுக்கும் வேகம்தான் தெய்வம். காலையில் தரையைத் தேய்த்து, மதியம் செதில் தூவி, மாலையில் பாலியாஸ்பார்ட்டிக் கிளியர் கோட் போட்டு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ காரை ஏற்றலாம் என்ற ஒரு நாள் தரை 2000களில் தனித் தொழிலாகவே வளர்ந்தது. மினியாபொலிஸ் குளிரில் எபாக்ஸி நாள்கணக்கில் இழுக்கும் இடத்தில் இது உறைநிலைக்கு அருகிலும் காயும். ஹூஸ்டன் ஆகஸ்டில் அதே குணம் தலைவலி. காற்றின் ஈரமே அதை முடுக்கிவிடுவதால், ரோலர் அடுத்த சுவருக்குப் போவதற்குள் முதல் சுவரோரம் இழுக்கத் தொடங்கும். பழகிய கைக்கு அது வரம். முதல் முறை முயலும் வீட்டுக்காரருக்கு அப்படிச் சொல்ல முடியாது. அவருக்கு நிதானமாகக் காயும் பாலியூரித்தேனே பாதுகாப்பு. இன்னொன்றையும் விளம்பரங்கள் மெல்லத்தான் சொல்கின்றன. வேகமாக இறுகுவது கான்கிரீட்டின் நுண்துளைக்குள் இறங்க நேரமில்லாமல் இறுகும். அதனால்தான் அனுபவமுள்ள பலர் அடியில் எபாக்ஸியையே வைத்து, மேலே மட்டும் இதைப் போடுகிறார்கள். பல்செட்காரரின் பிசினை இன்னும் யாரும் தரையிலிருந்து முழுசாகக் கிளப்பிவிடவில்லை.

ஒரு பூச்சின் உழைப்பை எப்படி அளப்பது? 1930களிலிருந்து டேபர் இயந்திரம் இருக்கிறது. பூச்சடித்த தகட்டைச் சுற்றவிட்டு, மேலே இரண்டு உராய்வுச் சக்கரங்களை எடை வைத்து அழுத்தி, ஆயிரம் சுற்றில் எத்தனை மில்லிகிராம் தேய்ந்தது என்று பார்ப்பார்கள். எண் சிறியதானால் பூச்சு உறுதி. ஆனால் சக்கரம் எந்த வகை, எடை எவ்வளவு என்று சேர்த்துப் படிக்காவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. மென்மையான சிஎஸ்-10 சக்கரத்தில் வந்த எண்ணை, கரடான சிஎஸ்-17இல் வந்த போட்டியாளரின் எண்ணோடு ஒப்பிட்டு விற்கும் சாமர்த்தியம் இந்தத் தொழிலில் புதிதல்ல. பளபளப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: கண்ணாடி போல் மின்னும் கோட்டில் கீறல் முதல் மாதமே தெரியும், ஈரக் காலும் வழுக்கும். அலுமினியம் ஆக்சைடு துகள் கலந்த மங்கல் கோட் படத்தில் எடுப்பாக இராது. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் யார் புத்திசாலி என்று தெரியும்.

வெயிலையும் தேய்மானத்தையும் வென்ற கிளியர் கோட்டுகளுக்கு டயர் இன்னும் ஒரு கணக்கை மிச்சம் வைத்திருக்கிறது. இப்போது பூச்சு உரிவதில்லை. டயர் நின்ற இடத்தில் பழுப்புக் கறை விழுகிறது. காற்றிலுள்ள ஓசோனால் ரப்பர் விரிசல் விடாதிருக்கச் சேர்க்கும் 6பிபிடி போன்ற பொருட்கள் மெல்ல வெளியேறி அடுத்துள்ள பரப்பில் ஊறுவதன் விளைவு அது. அந்த 6பிபிடி இப்போது வேறு வழக்கில் சிக்கியிருக்கிறது. சியாட்டில் பக்கத்து ஓடைகளில் மழை பெய்ததும் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்கு, 6பிபிடி ஓசோனோடு சேர்ந்து உண்டாகும் ஒரு பொருளே காரணம் என்று 2020 டிசம்பரில் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். 2023 அக்டோபரில் கலிஃபோர்னியா, டயர் கம்பெனிகள் அதற்கு மாற்றுத் தேட வேண்டும் என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. டயரில் அடுத்து எந்தப் பொருள் ஏறுகிறதோ, அது பாலியூரித்தேனிலும் பாலியாஸ்பார்ட்டிக்கிலும் என்ன நிறக் கறை விடும் என்று பூச்சுக் கம்பெனிகளின் சோதனைக் கூடங்கள் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும்.